ஆவாரைப் புழுவுக்கு மருந்து வேண்டாம்

கேள்வி: ‘‘எங்களுக்குக் கனகம்மாசத்திரம் பக்கத்தில் 60 சென்ட் மானாவாரி நிலம். போர் வற்றி இரண்டு வருஷம் ஆகிறது. ரோட்டோர வரப்பு நீளத்துக்கும் ஆவாரை இருக்கிறது. பத்து நாளாக அதில் பச்சைப் புழு விழுந்து இலையை மொட்டையடித்துவிட்டது. உள்ளே நிலக்கடலை நிற்கிறது. வீட்டுப் பக்கம் 10 சென்ட்டில், அடுத்தவர் கிணற்றுத் தண்ணீரில் கத்தரி வைத்திருக்கிறேன். புழு அதற்கும் இறங்கிவிடும், ஜே.சி.பி.யை வைத்து ஆவாரையைத் தள்ளிவிட்டுக் கம்பிவேலி போடலாம் என்கிறார் மாமனார். ஏழாவது படிக்கும் என் மகளோ, பள்ளிக்கூடத்தில் பட்டாம்பூச்சிச் செடி வளர்க்கச் சொன்னார்கள் என்று நிற்கிறாள். வண்டியில் நாற்று விற்க வருபவர், தண்ணீரே கேட்காத பட்டாம்பூச்சிச் செடி என்று ஒன்றைக் காட்டி, செடி 40 ரூபாய், 100 வாங்கினால் வேலிக்கும் ஆச்சு என்கிறார். என்ன செய்யலாம்? புழுவுக்கு எந்த மருந்து அடிக்கலாம்?’’

- ஒரு வாசகி, கனகம்மாசத்திரம்

அம்மா, உங்கள் கடிதம் வந்த வாரமே திருத்தணிக்குப் போகும் வேலை இருந்தது. வழியில் இறங்கி உங்கள் வரப்பைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் அன்று களையெடுக்கப் போயிருந்தீர்கள். உங்கள் மாமனார்தான் கூட வந்து காட்டினார். மகள் எழுதி வைத்திருந்த நோட்டையும் பார்த்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அவசரமான பதில். மருந்து எதுவும் அடிக்க வேண்டாம். அந்தப் புழு உங்கள் நிலக்கடலைக்கும் வராது, கத்தரிக்கும் வராது. ஜே.சி.பி.யைச் சொல்லியிருந்தால் நிறுத்திவிடுங்கள். அந்த 4,000 ரூபாயும் பையிலேயே இருக்கட்டும். ஏனென்றால், மகள் கேட்கிற பட்டாம்பூச்சிச் செடி உங்கள் வரப்பிலேயே 180 அடி நீளத்துக்கு நிற்கிறது. மாமனார் பிடுங்கச் சொல்லும் ஆவாரைதான் அது. இலையைத் தின்கிறதே, அந்தப் பச்சைப் புழுதான் பட்டாம்பூச்சி.

ஆவாரம்பூவைப் பார்த்தால், அந்த மஞ்சளுக்கு மயங்கித்தான் பட்டாம்பூச்சி வருகிறது என்று தோன்றும். நானும் கல்லூரியில் படிக்கும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால், ஆவாரம்பூவில் தேனே கிடையாது. காலையில் பத்து நிமிஷம் செடிப் பக்கத்தில் நின்று பாருங்கள். பட்டாம்பூச்சி பூவைத் தாண்டிக்கொண்டு போய்த் தளிர் இலையில் உட்காரும். வயிற்று நுனியை வளைத்து இலையைத் தொட்டுவிட்டு உடனே அடுத்த கொத்துக்குப் பறந்துவிடும். தொட்ட இடத்தில் ஒரே ஒரு முட்டை இருக்கும். நெல்லை நிமிர்த்தி வைத்த மாதிரி நீளமாக, வெள்ளையாக, அரிசி முனையைவிடச் சிறியதாக இருக்கும். பூ அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அது தேடி வருவது பிள்ளைக்கு வேண்டிய இலையை.

உங்கள் வரப்பில் நான் பார்த்தது வெள்ளையில் இளம்பச்சை ஓடிய நடுத்தர அளவுப் பட்டாம்பூச்சி. ஆங்கிலப் புத்தகத்தில் ‘மாட்டில்டு எமிகிரண்ட்’ என்று பெயர். ஊர்விட்டு ஊர் போகிறவன் என்று அர்த்தம். மழைக்காலத்தை ஒட்டிக் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்கிற இனங்களில் இதுவும் ஒன்று. அதன் கூடவே சின்னதாக முழு மஞ்சளில் தரையை ஒட்டிப் பறப்பதும் ஆவாரை, தகரை மாதிரியான செடிகளில் முட்டை வைப்பதுதான்.

முட்டை மூன்று நாள் வாக்கில் பொரியும். புழு இலையின் பச்சையிலேயே இருக்கும். பக்கவாட்டில் வெளிர் கோடு, அதை ஒட்டிக் கறுப்புப் புள்ளிகள். இரண்டு வாரம்போலத் தின்று வளர்ந்து, இலைக்கு அடியிலோ குச்சியிலோ இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகத் தொங்கும். அதையும் இலை என்றுதான் நினைப்போம். இன்னொரு வாரத்தில் பட்டாம்பூச்சி. ஆக, முட்டையிலிருந்து மூன்று நான்கு வாரம். மகளின் நோட்டில் முட்டை பார்த்த தேதி எழுதி வைத்திருக்கிறாள். பழைய இஞ்ச் டேப்பை வைத்துப் புழுவின் நீளத்தைக்கூட அளந்து எழுதியிருக்கிறாள். நீங்கள் மருந்தைக் கையில் எடுக்காமல் இருந்தால், அந்த நோட்டில் கடைசிப் பக்கமும் நிரம்பும்.

சரி, இந்தப் புழு கடலைக்கு ஏன் வராது? பச்சையாக நெளிவதெல்லாம் ஒன்று என்று நினைப்பதில்தான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். கடலையை அழிக்கிற புரோடீனியா ஒரு அந்துப்பூச்சியின் புழு. அது கண்டதையும் தின்னும். கடலை, பருத்தி, ஆமணக்கு, தக்காளி என்று பட்டியல் நீளம். ஆவாரையில் இருக்கும் இந்தப் புழுவுக்கு ஆவாரை, சரக்கொன்றை, தகரை என்று கொன்றை இனத்துச் செடிகள்தான் சாப்பாடு. அதற்கு வெளியே ஓரிரண்டு செடிகளில் பார்த்த பதிவு உண்டு. கடலையும் கத்தரியும் மாவும் அதில் கிடையாது. பிடித்துக் கொண்டுபோய்க் கடலைச் செடியில் விட்டாலும் பட்டினி கிடந்து சாகுமே தவிர, வாய் வைக்காது. நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு டப்பாவில் நான்கு புழுவோடு கடலை இலையைப் போட்டு ஒருநாள் வைத்துப் பாருங்கள். பிறகு மறக்காமல் ஆவாரையிலேயே விட்டுவிடுங்கள்.

வயலில் இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. புரோடீனியாவின் தாய் அந்துப்பூச்சி முட்டையைக் குவியலாக வைத்து, மேலே பழுப்பு ரோமத்தால் மூடிவிட்டுப் போகும். குஞ்சுப் புழுக்கள் கும்பலாக ஒரே இலையைச் சுரண்டி, இலையைக் கண்ணாடியாக்கும். வளர்ந்தபின் பகலில் மண்ணில் ஒளிந்துகொள்ளும். ஆவாரைப் பட்டாம்பூச்சி வைப்பது இலைக்கு ஒரு முட்டை. புழு பட்டப்பகலில் இலை நடுவில் படுத்திருக்கும். குவியல் முட்டையைக் கடலையில் பார்த்தால் அந்த இலையைக் கிள்ளி அழியுங்கள், வயலில் விளக்குப்பொறியோ இனக்கவர்ச்சிப் பொறியோ வையுங்கள். ஆவாரைப் பக்கம் போக வேண்டாம்.

இலை போனால் ஆவாரை செத்துவிடாதா என்று உங்கள் மாமனாரும் கேட்டார். சாகாது. மழை கிடைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் துளிர்த்துவிடும். வெட்டினால் வெட்டின இடத்திலிருந்து கிளை வெடிக்கிற செடி அது. ஆடு மாடு இதை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. அதன் ஆணிவேர் கல்லாங்குத்தில் எத்தனை அடி இறங்கும் என்பதை, தோண்டிப் பிடுங்க முயற்சி செய்தவர்கள்தான் சொல்ல முடியும். வருஷத்துக்கு 400 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊரிலும் நிற்கும். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் பெய்வது அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆகாத ஒன்று தண்ணீர் தேங்குவதுதான்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 30 வருஷத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிது. வேறொரு மாவட்டத்தில் ஒருவர் இதே கேள்வியோடு வந்தார். கடலை ஓரத்தில் ஆவாரை, அதில் பச்சைப் புழு. நான் வயலுக்குப் போகவில்லை. உட்கார்ந்த இடத்தில் எண்டோசல்பான் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். அப்போது அது எல்லாக் கடையிலும் கிடைக்கும். (2011-ல்தான் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது.) அவர் அடித்துவிட்டார். இரண்டு நாள் கழித்து ஒரு வயதான அம்மா அலுவலகத்துக்கு வந்தார். அந்த வரப்பில் தினமும் பூப் பறித்துக் காயவைத்து நாட்டு மருந்துக் கடைக்குப் போடுகிறவர். ‘‘செடிக்கடியில வண்டெல்லாம் செத்துக் கெடக்குதே தம்பி, பூவைப் பறிக்கலாமா?’’ என்று கேட்டார். மருந்தடித்த அன்று காலையில் பறித்த பூ அவர் முந்தானையிலேயே இருந்தது. யார் பறிக்கிறார்கள், யார் குடிக்கிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பூவை வாங்கிக் குழிவெட்டிப் புதைத்தேன். அன்றைய கூலியைக் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு செடியைப் பார்க்காமல் நான் மருந்து எழுதியதில்லை.

செத்துக் கிடந்த அந்த வண்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பணம் தருவது பட்டாம்பூச்சியைவிட அவைதான்.

ஆவாரம்பூவில் தேன் இல்லை என்றேன். மகரந்தம் நிறைய உண்டு. ஆனால், அது சும்மா உதிராது. மகரந்தப்பையின் நுனியில் உப்பு டப்பா மூடியில் இருப்பதுபோலச் சின்ன ஓட்டைதான். பெரிய கருவண்டு இருக்கிறதே, காய்ந்த மூங்கிலிலும் மரத்திலும் ஓட்டை போட்டுக் குடியிருக்குமே, அது பூவைக் காலால் பிடித்துக்கொண்டு இறக்கைத் தசையை அதிரவிடும். உர்ரென்று ஒரு சத்தம் வரும். அந்த அதிர்வில் மகரந்தம் பொலபொலவென்று அதன் உடம்பில் கொட்டும். வண்டு என்று நாம் சொன்னாலும் அது தேனீ வகைதான். உடம்பில் நீலப் பட்டை போட்ட சின்னத் தேனீ ஒன்றும் இதே வேலையைச் செய்யும். நம் வீட்டுப் பெட்டித் தேனீக்கு இப்படி அதிரவைக்கத் தெரியாது.

இப்போது உங்கள் கத்தரிப் பூவை எடுத்துப் பாருங்கள். அதே ஓட்டைதான், அதே உப்பு டப்பாதான். தக்காளியும் அப்படியே. கத்தரி தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியதுதான், காற்று அசைத்தாலும் கொஞ்சம் விழும். ஆனாலும், அதிரவைக்கும் தேனீ வந்துபோகிற பூவில் காய் பிடிப்பும் அதிகம், காயும் திரண்டு வரும். முருங்கைக்கும் இந்தக் கருவண்டு நல்ல வேலைக்காரன். கத்தரி பூக்காத நாளிலும் அவற்றுக்குப் பக்கத்திலேயே சோறு இருந்தால்தான் ஊரைவிட்டுப் போகாமல் இருக்கும். அந்தச் சோறு ஆவாரம்பூ. உங்கள் நிலத்தில் கத்தரிக்கும் ஆவாரைக்கும் நடுவே நூறு நூற்றிருபது அடிதான் இருக்கும். இதைவிடப் பொருத்தமாக நான் திட்டம் போட்டுக் கொடுத்திருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. ஆவாரை இலைக்காம்பில், ஒவ்வொரு ஜோடிச் சிற்றிலைக்கு நடுவிலும் குச்சி மாதிரி ஒரு சின்னச் சுரப்பி நீட்டிக்கொண்டிருக்கும். பூவில் இல்லாத இனிப்பு அங்கே கசிகிறது. எறும்பும் குளவியும் அதற்காக வந்து காவல் சுற்றும். புழுவையும் முட்டையையும் தூக்கிக்கொண்டு போவதும் அவைதான். அவ்வளவு முட்டை வைத்தும் எல்லாம் பட்டாம்பூச்சி ஆகாததற்கு அது ஒரு காரணம். கரிச்சான், மைனா வேறு இருக்கின்றன. மொட்டையான உங்கள் வரப்பில் நான் பார்த்தபோதே மின்கம்பியில் நான்கு கரிச்சான் உட்கார்ந்திருந்தது. மருந்தடிக்கும் ஆள் கூலி கேட்பார், அவை கேட்பதில்லை.

இனி அந்த நாற்றுக்காரரின் ‘பட்டாம்பூச்சிச் செடி’. நாற்றின் படத்தை அனுப்பியிருந்தீர்கள். அது உண்ணிச்செடி. மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ் என்று கலர் கலராகப் பூக்க வைத்த ரகம். பொய் சொல்லி விற்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். அதன் பூவில் தேன் உண்டு, பட்டாம்பூச்சி மொய்க்கும், தண்ணீர் கேட்காது, எல்லாம் நிஜம். ஆனால், பட்டாம்பூச்சிக்கு உண்ணிச்செடி ஒரு டீக்கடை. நின்று குடித்துவிட்டுப் போய்விடும். நம் ஊர்ப் பட்டாம்பூச்சி எதுவும் அந்த இலையில் முட்டை வைத்து வளர்ந்து நான் பார்த்ததில்லை. பிரசவத்துக்கு அது போவது ஆவாரை மாதிரியான தாய்வீட்டுக்குத்தான். தாய்வீட்டை ஜே.சி.பி.யால் இடித்துவிட்டு டீக்கடை வைத்தால் எத்தனை நாளைக்குப் பட்டாம்பூச்சி வரும்?

உண்ணி அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1800-களின் தொடக்கத்தில் கொல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் அதை அகற்ற எத்தனை ஆள், எத்தனை பணம் செலவாகிறது என்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அயல் ஊடுருவித் தாவரங்களை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 2022-ல் தனியாக ஒரு கொள்கையே வகுத்திருக்கிறது. கலர் ரகம் விதை வைக்காது என்று விற்பவர்கள் சொல்வார்கள். அதை நம்பி வேலி வைக்க நான் சொல்ல மாட்டேன். இதைவிட முக்கியம், உங்கள் வீட்டில் ஆடு இருக்கிறது. உண்ணி இலை ஆடு மாட்டின் ஈரலைக் கெடுக்கும். மேய்ச்சல் இல்லாத கோடையில், வேறு வழியின்றித் தின்ற ஆடு மாட்டுக்கு மஞ்சள் காமாலை கண்டு, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து உரியும். வறட்சி வரும் என்று நீங்கள் தேடுகிற செடி, வறட்சி வரும்போதே ஆட்டைக் கொல்லக்கூடாது.

உங்கள் மாமனாரைப் பற்றி. அவர் சொல்வதில் ஒன்றும் நியாயம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ‘‘புதராட்டம் வளந்து நாலடி நெலத்த முழுங்குது சார், பாம்பு வேற அடையுது, டிராக்டர் திரும்ப எடமில்ல’’ என்றார். உண்மைதான். இருவரும் அளந்தோம். ரோட்டோரம் 180 அடி, வடக்கே வெறும் வரப்பு 120 அடி. மொத்தம் 300 அடிக்கும் நான்கடி அகலம் ஆவாரை என்றால் 1,200 சதுர அடி. அதாவது இரண்டே முக்கால் சென்ட். அதில் பெரும்பகுதி எப்படியும் உழமுடியாத வரப்பு மேல் நிற்கிறது. நிஜமாக நீங்கள் இழப்பது ஒரு சென்ட், மிஞ்சினால் ஒன்றரை. வெட்டிச் சீராக வைத்தால் அதுவும் குறையும். டிராக்டருக்காக மூலையில் 12 அடியை எடுத்துவிட அவரும் நானும் ஒப்புக்கொண்டோம். மிச்சத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, ‘‘எங்கம்மா இத தங்கேடும்பாங்க. பொங்கலுக்கு மாட்டுக்கு இந்தப் பூதான் மாலை’’ என்றார். எல்லையோரத்தில் இருக்கிற நமக்கு இரண்டு பெயரும் சொந்தம். அந்தத் தங்கேடுதான் தெலங்கானாவின் மாநிலப் பூ. 2014-ல் மாநிலம் பிறந்த வருஷமே அறிவித்தார்கள். பதுக்கம்மா பண்டிகையில் அடுக்குகிற பூக்களில் இதற்கு முக்கிய இடம். நாம் ஜே.சி.பி.யை அழைக்கிறோம்.

அவர் வயதுக்காரர்களுக்கு இன்னொரு காலமும் நினைவிருக்கும். ஆவாரம்பட்டையை உரித்து, கட்டுக் கட்டாக ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் கிடங்குகளுக்கு அனுப்புவார்கள். பட்டையில் இருக்கும் துவர்ப்புதான் தோலைப் பதப்படுத்தும். பிறகு வெளிநாட்டு வாட்டில் பட்டை வந்தது, குரோம் உப்பு வந்தது, ஆவாரைக்கு மதிப்புப் போயிற்று. ‘ஒன்றுக்கும் உதவாத புதர்’ என்று நாம் சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

வடக்கு வரப்பில் 120 அடிக்கு வேலி இல்லை என்றீர்கள். அதற்குக் காசு கொடுத்து நாற்று வாங்க வேண்டாம். நாற்றுவிட்டு நட்டால் ஆணிவேர் சுருண்டுவிடும், பெயர்த்து நடுவதையும் இந்தச் செடி விரும்பாது. விதையாகவே போடுங்கள். உங்கள் செடியிலேயே போன பட்டத்துக் காய்கள் தட்டையாக, காகிதம் மாதிரி பழுப்பாகக் காய்ந்து தொங்குவதைப் பார்த்தேன். ஒரு காயில் பத்துக்கு மேல் விதை இருக்கும். இரண்டடிக்கு ஒரு குழி, எதிரும் புதிருமாக இரண்டு வரிசை. அப்படியானால் 120 குழி. குழிக்கு மூன்று விதை வைத்தால் 360 விதை. ஓட்டை விழுந்ததும் சொத்தையும் போக, 50 காய் பறித்தால் தாராளம்.

விதைத் தோல் கல் மாதிரி. அப்படியே போட்டால் பாதி இந்த வருஷம் முளைக்கும், பாதி எப்போது முளைக்கும் என்று அதற்கே தெரியாது. தண்ணீரில் போட்டு மிதப்பதை எடுத்துவிடுங்கள். இன்னொரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கினபின் விதையைக் கொட்டி, அப்படியே இரவு முழுக்க ஊறவிடுங்கள். அடுப்பின் மேல் வைத்து வேகவைத்துவிடாதீர்கள், அது சுண்டல். காலையில் ஊதியிருக்கும் விதையை அன்றே ஊன்றுங்கள். ஊதாததை மணலில் தேய்த்து மறுபடி ஒருமுறை வெந்நீரில் போடலாம். அரை அங்குல ஆழம் போதும். புரட்டாசிக் கடைசியில், அல்லது ஐப்பசி முதல் மழை நின்றதும் ஊன்றினால் வடகிழக்குப் பருவமழை முழுக்க அதற்குக் கிடைக்கும். இரண்டு மாதத்தில் குழிக்கு நல்ல கன்றாக ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். முதல் கோடையில் மட்டும் முடிந்தால் வாரம் ஒரு குடத்தை நாலைந்து கன்றுக்குப் பங்கிட்டு ஊற்றுங்கள். அதற்குப் பிறகு அதை மறந்துவிடலாம்.

விதை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. உங்கள் ரோட்டோரத்தில் ஆவாரையோடு பேயாவாரையும் கலந்து நிற்கிறது. அதன் விதை நஞ்சு. வட மாநிலத்தில் அதைத் தின்று குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். மகளுக்குக் கண்டிப்பாகக் காட்டிக் கொடுங்கள். பிரித்தறிவது எளிது. ஆவாரையின் இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் காது மடல் மாதிரி அகலமான சின்ன இலை இருக்கும். லின்னேயஸ் 1753-ல் இதற்குப் பெயர் வைத்தபோது ‘காதுள்ளது’ என்ற பொருளில் ‘ஆரிக்குலேட்டா’ என்றார். காது இருந்தால் ஆவாரை. பேயாவாரைக்கு அந்தக் காது கிடையாது, காயும் ஒல்லியாக நீண்டிருக்கும்.

கவாத்துதான் பலர் தப்புச் செய்கிற இடம். பொங்கல் முடிந்து, காய் முற்றி எடுத்தபின், மாசி பங்குனியில் இடுப்புக்குக் கீழே, ஒன்றரை இரண்டடி உயரத்தில் வெட்டலாம். ஆனால், முழு வரப்பையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். இந்த மாதம் ஒரு பாதி, அது துளிர்த்தபின் மறு பாதி. அப்போதுதான் வண்டுக்குப் பூவும் புழுவுக்கு இலையும் எப்போதும் ஒரு பக்கம் மிச்சம் இருக்கும். புழுவும் கூட்டுப்புழுவும் நிறையத் தெரிகிற வாரத்தில் கத்தியை வைக்க வேண்டாம். அடிப்பக்கக் கிளைகளைக் கழித்து ஓரடிக்குத் தரை தெரிகிற மாதிரி வைத்தால் பாம்புப் பயமும் குறையும். வெட்டின தழையை எரிக்காமல் கத்தரிப் பாத்திக்கு மூடாக்காகப் போடுங்கள்.

பூப் பறிப்பது தனி வருமானம். காலையில் பறித்து நிழலில் காயவைத்தால்தான் நிறம் நிற்கும். கொத்துக்குப் பாதியை வண்டுக்கு விடுங்கள். ரோட்டை ஒட்டின முதல் வரிசையில் புகையும் தூசியும் படிகிறது, அதை விட்டு உள்பக்கம் பறியுங்கள். ஆவாரை பூத்த ஊரில் சாவே இல்லை என்று பழமொழி சொல்வார்கள். உங்கள் மாமனாரும் சர்க்கரைக்கு ஆவாரம்பூ தண்ணீர் குடிப்பதாகச் சொன்னார். குடிக்கட்டும். ஆனால், அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறார் என்று பேச்சில் தெரிந்தது. அது கூடாது. பூத் தண்ணீர் குடிப்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையைத் தொடரச் சொல்லுங்கள்.

மகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாய்வீடு இருந்தால் மட்டும் போதாது, வளர்ந்த பட்டாம்பூச்சிக்குத் தேனும் வேண்டும். வரப்பில் தும்பையும் வெட்டுக்காயப் பூண்டும் தானாக முளைத்திருக்கிறது. களை என்று வரப்பை மொத்தமாகச் செதுக்காமல் அங்கங்கே ஒரு முழம் விட்டுவையுங்கள். வாசலில் நித்தியகல்யாணி நான்கு வைக்கலாம், அதுவும் தண்ணீர் கேட்காது. வேலி மூலையில் எருக்கு இருந்தால் பிடுங்க வேண்டாம். ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு ஓரம் போட்ட பட்டாம்பூச்சி அதில்தான் வளரும். சணப்பு விதைத்திருக்கிறீர்களா? அதே இனத்துக் கிலுகிலுப்பையின் காய்ந்த செடியைத் தேடி, நீலப் புள்ளி போட்ட கறுப்புப் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக வரும். மாநிலப் பட்டாம்பூச்சியான தமிழ் மறவனைப் (2019-ல் அறிவித்தது) பார்க்க முடியுமா என்று நோட்டின் ஓரத்தில் எழுதியிருந்தாள். அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்காரன், கனகம்மாசத்திரம் வரை வராது. வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவள் வரப்பில் இருப்பவர்களே நோட்டு நிறைய இருக்கிறார்கள்.

கேள்வி: ‘‘ஆவாரை பயறு வகைக் குடும்பம்தானே? கொளுஞ்சி மாதிரி இதுவும் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்குமா?’’

- ஒரு வாசகர், பள்ளிப்பட்டு

குடும்பம் அதுதான். ஆனால், வேரைத் தோண்டிப் பார்த்தால் கொளுஞ்சியில் இருக்கிற முடிச்சு ஆவாரையில் இருக்காது. முடிச்சு இல்லை என்றால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் சேர்க்கிற வேலையும் இல்லை. அதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை. ஆழத்திலிருந்து சத்தை எடுத்து இலையில் வைத்திருக்கிறது. அதனால்தான் நெல் வயலில் வேம்பு, புங்கம், எருக்கோடு ஆவாரைத் தழையையும் மிதித்தார்கள். வெளி இடத்துத் தழையை வயலுக்குக் கொண்டுவந்தால் லாபம். வயலுக்குள்ளேயே விதைத்து மடக்கி உழுவதற்குக் கொளுஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டுதான் சரி.

கேள்வி: ‘‘கறிவேப்பிலையில் பச்சைப் புழு. தொட்டால் தலையில் சிவப்புக் கொம்பு நீட்டி நாறுகிறது. அதுவும் பட்டாம்பூச்சி என்கிறான் பேரன். விட்டுவிடலாமா?’’

- ஒரு வாசகர், ஆர்.கே.பேட்டை

பேரன் சொல்வது சரி. எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு அது. எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் மூன்றிலும் வரும். ஆவாரைக்குச் சொன்ன பதிலை இதற்குச் சொல்ல முடியாது, ஏனென்றால் இங்கே இலைதான் உங்கள் விளைச்சல். வீட்டு வாசலில் ஒரு மரம் என்றால் விட்டுவிடுங்கள், மரம் தாங்கும். விற்பனைக்கு வைத்த தோட்டம் என்றால் காலையில் கையால் பொறுக்குங்கள். சின்ன வயதில் பறவை எச்சம் மாதிரி கறுப்பு வெள்ளையாக இருக்கும், அதையும் விடாதீர்கள். பொறுக்கியதைப் பேரனிடம் கொடுத்து வில்வ மரத்திலோ, வேலியோரமாக அதற்கென்றே விட்ட ஒரு கறிவேப்பிலையிலோ விடச் சொல்லலாம். அடிக்கடி இலை பறித்துச் சாப்பிடுகிற செடியில் மருந்து தெளிப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.